தண்ணி நெறைஞ்சிருக்கு

மேலகரத்தில் நல்லக்கண்ணு முதலாளி நடத்திவந்த ரைஸ்மில்லில் "இல்லை" என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. "தீர்ந்துட்டு", "காலி", "போச்சு" என்று அதற்கு இருக்கிற சொந்தக்காரர்கள்கூட கேட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. வீட்டில் பானை காலியானால் பெண்கள் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்றுதானே சொல்வார்கள், மங்கலமாக இருக்கட்டும் என்று? அந்த வழக்கத்தை முதலாளி அடுப்படியிலிருந்து எடுத்துவந்து மில் முழுக்க மாட்டிவிட்டார். நெல் தீர்ந்தால் நெறைஞ்சிருக்கு. எண்ணெய் தீர்ந்தால் நெறைஞ்சிருக்கு. சாக்கு தீர்ந்தாலும் அதேதான். நிஜமாகவே நிறைந்திருந்தால் "ததும்புது" என்று சொல்லிக்கொண்டார்கள். பெல்ட் அறுந்துபோனால் "பெல்ட்டு உக்காந்திருக்கு". புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் விவரம் தெரியாமல், காலை வேளையில் முதலாளியின் முகத்துக்கு நேரே "உமி இல்லை மொதலாளி" என்றான். மத்தியானம் அவனும் இல்லை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். உள்ளே இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒரு மனுஷனுடைய காது குளிர்வதற்காக அத்தனை பேரும் நாக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், நாளடைவில் அது அவர்களுடைய சொந்தப் பேச்சாகவே ஆகிவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், பிரசவத்துக்கு நெல் அளந்து போடுவார். கெட்ட சேதி மட்டும் அவருக்கு ஆகாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் அவருக்கே வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, நாக்கும் விழுந்துவிட்டது. காது நன்றாகக் கேட்டது. புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது என்று வைத்தியர் சொன்னார். ஒரே மகள் முத்துவடிவின் புருஷன் ஞானசம்பந்தம் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் உத்தியோகத்தில் இருந்தான். மாமனாரின் மில்லைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவனை வரவழைத்தார்கள்.

வந்த முதல் வாரத்திலேயே அவனுக்கு அடி விழுந்தது. புனலூர் வியாபாரிக்கு அரிசி தருவதாக ஒத்துக்கொள்ளுமுன் குடோனில் எப்படி என்று கேட்டனுப்பினான். "அரிசி நெறைஞ்சிருக்கு மொதலாளி" என்று பதில் வந்தது. லாரி வந்து நின்றபோது குடோனில் எலிகூட இல்லை. வியாபாரி மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். சொன்னது என்னவென்று புரியாவிட்டாலும் அவமானம் புரிந்தது.

ஞானசம்பந்தம் அன்று சாயங்காலமே கணக்கப்பிள்ளை, பிட்டர், எடைக்காரர், மேஸ்திரி அய்யாத்துரை எல்லாரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். அந்த அறையில் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாதி நாற்காலியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார்கள்.

"இனிமே இந்த மில்லுல நெறைஞ்சிருக்குன்னா நெறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். இல்லைன்னா இல்லைன்னு என் மொகத்துக்கு நேரா சொல்லணும். கெட்ட சேதி கொண்டு வந்தவனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மறைச்சவனை விடமாட்டேன். வெளங்குதா?"

"வெளங்குது மொதலாளி" என்றார்கள்.

அய்யாத்துரை மட்டும் தலையைச் சொறிந்தான். "பெரிய மொதலாளி வெள்ளிக்கெழம தோறும் வந்து உக்காருதாவளே. அவிய காதுல விழுந்தா?"

"மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். களத்துலயும் பாய்லர்லயும் இருக்க ஆளுகளுக்கு நீரு சொல்லிரும்."

"ஆட்டும் மொதலாளி."

ஞானசம்பந்தத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தான், அதில் தப்பும் இல்லை. பாய்லர்க் கொட்டகைக்குப் போய்த் தானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூரில் அவனுக்கு மேலே இருந்த துரை ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: உனக்கு அடுத்த படியில் நிற்பவனோடு பேசு, அதற்கும் கீழே இறங்கிப் பேசினால் நடுவில் நிற்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். அதை அவன் வேதமாக எடுத்துக்கொண்டிருந்தான். அதோடு கொட்டகையில் உமிச் சாம்பல் பறக்கும், வெள்ளை வேஷ்டியோடு போக முடியாது.

மாமாவிடம் அவன் சொல்லவில்லை. படுத்திருக்கிறவரிடம் போய், உங்கள் பேச்சை நான் மாற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இன்று நாளை என்று தள்ளிப் போட்டான். அய்யாத்துரையும் கீழே யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் இருக்கிறவர்கள் என்னவும் பேசிக்கொள்ளட்டும், களத்தில் நெல் துழாவுகிறவளும் உமி தள்ளுகிறவனும் தன் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல ஆரம்பித்தால் நாளைக்குத் தன் பிழைப்பு என்ன ஆவது என்று அவனுக்கு யோசனை. ஆகவே கீழே பழைய பேச்சு பழையபடியே நடந்தது. "உமி நெறைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்று அவர்கள் சொல்வதை அய்யாத்துரை கேட்டுக்கொண்டு, ஆபீசுக்குள் வந்து "உமி இல்லை மொதலாளி" என்பான். ஞானசம்பந்தம் சந்தோஷமாக ஆள் அனுப்பிப் பாய்லர் அடுப்புக்கு உமி வாங்குவான். நடுவில் அய்யாத்துரை இருக்கும்வரை ஒரு குந்தகமும் இல்லை. தான் சொன்னது மில் முழுக்கப் பரவிவிட்டது என்று ஞானசம்பந்தம் முத்துவடிவிடம் பெருமை அடித்துக்கொண்டான்.

நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொண்டவன் பிச்சையா. மில்லுக்குப் பின்னால் வரிசையாக இருந்த லயன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தான். அவன் பெண்சாதி பேராச்சி அவித்த நெல்லைக் களத்தில் காயப்போடுகிறவள். பிச்சையா அதிகம் பேசமாட்டான். முந்தின வருஷம் ஒரு நாள் பாய்லரின் சத்தம் சரியில்லை என்று அவனாகவே தீயை இழுத்துப் போட்டுவிட்டான். ஊறிக் கிடந்த நெல் எல்லாம் அவியாமல் நாறிப்போனது. பெரிய முதலாளி அவனைக் களத்தின் நடுவில் வெயிலில் நிறுத்திவைத்தார். "மொதலாளி வாயால சொல்லாம தீயில கைய வச்சே, தொலைச்சிருவேன்" என்று அய்யாத்துரை அப்போது சொல்லியிருந்தான். பிச்சையா அதை மறக்கவில்லை.

பங்குனி மாதம். குற்றாலத்தில் அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறைதான் தெரிந்தது. கிணறுகள் அடியில் போய்விட்டன. பிசானப் பட்டத்து அறுப்பு நெல் மலைபோலக் குவிந்து கிடந்தது, மில் ஓயாமல் ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை அய்யாத்துரை தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்காக இலத்தூர் போயிருந்தான். கிணற்றில் தண்ணீர் இறங்கி, பம்பின் குழாய் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கிற மேல்தொட்டியில் தரை தெரிந்தது.

பிச்சையா பிட்டரைத் தேடினான். அவர் சாமான் வாங்கத் தென்காசி போயிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, களத்தைக் கடந்து ஆபீசுக்கு நடந்தான். பேராச்சி துழாவுகட்டையை நிறுத்திவிட்டு, "எங்க போறிய?" என்றாள். "சின்ன மொதலாளிய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்றான்.

உள்ளே புனலூர் வியாபாரி உட்கார்ந்திருந்தான். லாரி விஷயத்தை மறக்கடித்து அவனை மறுபடி இழுத்துக்கொண்டு வர ஞானசம்பந்தம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் பெரிய முதலாளி கிடந்தார். பிச்சையா வாசல்படியில் நின்றான்.

"என்ன பிச்சையா?"

பிச்சையா சாய்வு நாற்காலியை ஒரு பார்வை பார்த்தான். "மேல்தொட்டியில தண்ணி நெறைஞ்சிருக்கு மொதலாளி."

ஞானசம்பந்தத்தின் முகம் மலர்ந்தது. இந்த வறட்சியிலும் தொட்டி நிறைந்திருக்கிறது, அதை வியாபாரியின் காதுபட ஒரு தொழிலாளி வந்து சொல்கிறான். இரண்டு படி கீழே இருப்பவன் நேரே தன்னிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ரொம்ப நல்லது. நடத்து."

பிச்சையா நகரவில்லை. "பாய்லர்லயும் நெறைஞ்சுக்கிட்டே வருது மொதலாளி. மட்டம் காட்டுத கண்ணாடியில தெரியுது. அதான், தீய என்ன செய்யட்டும்னு கேக்க வந்தேன்."

"தீயைக் கொறைக்கவே கொறைக்காத. இன்னைக்குப் பூராவும் ஓடணும்."

"கொறைக்க வேண்டாமா மொதலாளி?"

"வேண்டாம்னு சொல்லுதேம்லா. நான் இருக்கேன், நீ போ."

சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய முதலாளி இடது கையால் நாற்காலிக் கட்டையை அடித்தார். வாயிலிருந்து "ஊ... ஊ..." என்று வந்தது. கண் இரண்டும் பிச்சையா மேலேயே இருந்தன. திரும்பவும் அடித்தார். அந்தச் சொல்லை இந்த மில்லுக்குக் கொண்டுவந்தவர் அவர், அந்த அறையில் அதைப் புரிந்துகொண்டவரும் அவர் ஒருவர்தான்.

"மாமாவுக்குக் காப்பி வேணும் போல. யாராவது கொண்டாங்க" என்றான் ஞானசம்பந்தம்.

காப்பி வந்தது. வெளியே இருந்த கணக்கப்பிள்ளை வந்து கரண்டியால் ஊட்டினார். பெரிய முதலாளி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். காப்பி கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையில் விழுந்தது. வியாபாரி பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிச்சையா திரும்பிப் போனான். களத்தில் பேராச்சி கேட்டதற்கு, "தொட்டியில தண்ணி நெறைஞ்சிருக்கு, பாய்லர்லயும் நெறைஞ்சுக்கிட்டு வருதுன்னு சொல்லிட்டேன். நடத்தச் சொல்லிட்டாவ. படிச்சவிய, தெரியாமலா சொல்லுவாவ" என்றான். அவள் துழாவுகட்டையை மறுபடி எடுத்தாள். அவன் கொட்டகைக்குள் போய் உமியைத் தள்ளினான்.

பாய்லர் வெடித்தபோது ஆபீஸ் ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. கொட்டகையின் தகரக் கூரை சாலைக்கு அந்தப் பக்கம் வயலில் கிடந்தது. ஆவி கலைய வெகுநேரம் பிடித்தது. பேராச்சியை நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளைப் பார்க்க விடவில்லை, பார்க்கும்படி உள்ளே எதுவும் இல்லை.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அய்யாத்துரை கல்யாணச் சந்தனம் காயாமல் ஓடிவந்தான். ஞானசம்பந்தம் ஆபீசில் உடைந்த கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி நெறைஞ்சிருக்குன்னு சொன்னாம்யா அந்தப் பய! எம் மொகத்துக்கு நேரா வந்து சொன்னான். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. இப்ப பிட்டர் பாத்துட்டு தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லைங்காரு. எதுக்குய்யா பொய் சொன்னான்?"

அய்யாத்துரை அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஓய்?"

"மொதலாளி, பாய்லர்ல இன்னும் பழைய பேச்சுத்தான் பேசுதாங்க."

ஞானசம்பந்தத்துக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து ஜன்னல் பக்கம் போனான், திரும்பி வந்தான். "நான் சொல்லச் சொன்னேனே. உம்மகிட்டதானே சொன்னேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? மாமாவிடம் சொல்லணும் என்று அவனும்தான் இருந்தான். சொல்லி, அது மில் முழுக்கத் தெரிந்திருந்தால் அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்து பிச்சையா பயந்திருக்க மாட்டான். தீயை என்ன செய்யட்டும் என்று வாய்விட்டுக் கேட்டானே, தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஒருவன் எதற்குத் தீயைப் பற்றிக் கேட்பான் என்று ஒரு நொடி யோசித்திருந்தால்கூடப் போதும். அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும் மொதலாளி" என்றான் அய்யாத்துரை மெதுவாக. "ரெண்டு பேருக்கும் நல்லது."

அன்று ராத்திரி ஞானசம்பந்தம் வீட்டில் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை இவன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பிச்சையா குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றார்கள். பாய்லர்காரன் தூங்காமல் பாய்லர் ஏன் வெடிக்கப்போகிறது என்றார்கள். மில் மூடிக் கிடந்ததால் வேலை இழந்தவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது, செத்தவன் வசதியாக அகப்பட்டான். குழாயடியில் பேராச்சியின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். "ஒம் புருசனால எங்க அடுப்பு அவிஞ்சு போச்சு" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து பேராச்சி முதலாளி வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் நின்றபடி கேட்டாள்.

"மொதலாளி, அவிய உங்ககிட்ட வந்து சொன்னாவளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"வந்தான்."

"பாய்லர் ஆபீசர் விசாரிக்க வருதாவளாம். ஆபீசர் முன்னால இதை ஒரு வார்த்தை சொல்லணும் மொதலாளி. அவிய தூங்கல. வந்து சொல்லிட்டுத்தான் போனாவ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தப் பழியோட என்னால இந்த ஊருக்குள்ள நடக்க முடியல."

"சொல்லுதேன் பேராச்சி" என்றான் ஞானசம்பந்தம். மனதாரத்தான் சொன்னான். அந்தச் சொல்லுக்கு மில்லில் என்ன அர்த்தம், அதைத் தான் எப்படி எடுத்துக்கொண்டோம், எல்லாவற்றையும் ஆபீசரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும் என்று முத்துவடிவிடம்கூடச் சொன்னான். அவள் அழுதாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபீசர் மதராஸ்காரர். வெயிலில் வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. ஆபீஸ் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். முதலில் பேராச்சியைக் கூப்பிட்டார். ஞானசம்பந்தமும் அய்யாத்துரையும் கணக்கப்பிள்ளையும் ஓரமாக நின்றார்கள்.

"உன் புருஷன் அன்னைக்கு மேனேஜரைப் பாக்கப் போனானா?"

"போனாவய்யா. நான் களத்துல நின்னேன். தொட்டியில தண்ணி நெறைஞ்சிருக்குன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன், நடத்தச் சொல்லிட்டாவன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாவ."

ஆபீசர் பேனாவை நிறுத்தினார். "என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லு."

"தண்ணி நெறைஞ்சிருக்குன்னு."

"நிறைஞ்சிருக்குன்னா சொன்னான்? நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா அந்த வார்த்தைதான்யா. பாய்லர்லயும் நெறைஞ்சுக்கிட்டு வருதுன்னும் சொன்னாவளாம். அவிய பொய் பேச மாட்டாவ."

அவளுக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை. பிறந்ததிலிருந்து வீட்டிலும், வாக்கப்பட்ட நாளிலிருந்து மில்லிலும் அவள் அறிந்த பேச்சு அது. ஊர் உலகத்துக்கே அதுதான் அர்த்தம் என்று நம்பினாள். அய்யாத்துரை குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கப்பிள்ளை இருமினார்.

ஆபீசர் ஞானசம்பந்தத்தின் பக்கம் திரும்பினார். "இந்தம்மா சொல்றது சரியா சார்? உங்ககிட்ட அப்படித்தான் சொன்னானா?"

வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம். அதை அவன் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். பேராச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில், முத்துவடிவு, போலீஸ், இனி எந்த ஊரிலும் கிடைக்கப்போகாத உத்தியோகம் எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தன.

"ஆமா சார்" என்றான். "அந்த வார்த்தைதான் சொன்னான்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டு இங்கிலீஷில் எழுதினார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற ஞானசம்பந்தத்தால் அதைத் தலைகீழாகவே படிக்க முடிந்தது. தண்ணீர் தீர்ந்திருந்ததை மறைத்து, நிறைந்திருப்பதாகத் தொழிலாளி பொய்த்தகவல் கொடுத்தான், விபத்துக்கு அவனே பொறுப்பு, இதை அவன் மனைவியே ஒப்புக்கொள்கிறாள் என்று இருந்தது.

"இதுல கைநாட்டு வைம்மா."

பேராச்சி மையில் கட்டைவிரலைத் தோய்த்து, காகிதத்தில் அழுந்த வைத்தாள். பிறகு ஞானசம்பந்தத்தின் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"உள்ளதை உள்ளபடி சொல்லிட்டிய மொதலாளி. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் மை காயாத விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்றிருந்த பெண்களிடம் வேகமாகப் போனாள். உடைந்த ஜன்னல் வழியாக அவளுடைய குரல் உள்ளே கேட்டது.

"எழுதிட்டாவ, ஏட்டி. அவிய சொன்னதை ஆபீசர் அப்படியே எழுதிட்டாவ."